திவாலாக ஐம்பது டாலர்

1971 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழைப் பெண்களுக்குச் சாதகமாக ஒரு தீர்ப்புச் சொன்னது. கனெக்டிகட் மாநிலத்தில் அரசு உதவித்தொகையில் வாழ்ந்த பெண்கள் சிலர் விவாகரத்து கேட்டுப் போனார்கள். ஏறக்குறைய 60 டாலர் கட்டணம் கட்ட முடியாததால் மனுவே திரும்பி வந்தது. திருமணத்தை முறிக்க நீதிமன்றத்தை விட்டால் வேறு வழியில்லை, காசில்லை என்பதற்காக அந்தக் கதவை அடைக்கக்கூடாது என்றது 'பாடி எதிர் கனெக்டிகட்' தீர்ப்பு.

அடுத்து அதே கதவைத் தட்டியது கடன். நம் ஊரில் 'மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்' என்போம்; எப்போதும் 'விட்டான்'தான். அமெரிக்க வழக்கும் ஓர் ஆணின் பெயரில்தான் இருக்கிறது: 'அமெரிக்க அரசு எதிர் கிராஸ்'. நியூயார்க்கின் புரூக்ளினில், இரண்டரை அறை வீட்டில் ஆறு பேர். கணவர், மனைவி, இரண்டு குழந்தைகள், கணவரின் தாய், அந்தத் தாயின் ஆறு வயது மகள். இரண்டு உதவித்தொகைகளும் சேர்ந்து மாதம் 366 டாலர், வாடகை 102. கணவர் காப்பீட்டு முகவர் வேலையை இழந்தவர். மனைவியைப் பற்றித் தீர்ப்பில் இரண்டே வாக்கியங்கள்: 1970 மார்ச் வரை வேலைக்குப் போனார், கர்ப்பத்தால் நிறுத்த வேண்டியதாயிற்று, இனி அவர் கவனம் முழுவதும் மருத்துவமனையிலிருந்து வரப்போகும் நோயுற்ற கைக்குழந்தைக்கே. இவர்கள் வீட்டுக்கு எப்படிக் கடன் ஏறியது என்று கேட்பவர்கள் அந்த இரண்டு வாக்கியங்களையும் மறுபடி படிக்கலாம்.

திவால் மனுவுக்குக் கட்டணம் 50 டாலர். அதைத் தள்ளுபடி செய்யச் சொல்லிச் சட்ட உதவி அமைப்பு ஒன்று அவருக்காக வாதாடியது. 1973 ஜனவரி 10 அன்று, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், முடியாது என்று தீர்ப்பு வந்தது. மணவாழ்க்கை அடிப்படை உரிமை சார்ந்தது, கடன் அப்படியல்ல. கடன்காரர்களிடம் பேசித் தீர்த்துக்கொள்ளலாமே என்றார் நீதிபதி பிளாக்மன். தவணையில் கட்டினால் வாரம் 1.28 டாலர்தான், ஒரு சினிமா டிக்கெட்டை விடக் குறைவு, ஓரிரண்டு சிகரெட் பாக்கெட்டின் விலையைவிடக் கொஞ்சம் அதிகம் என்று கணக்கும் போட்டார். அந்த வீட்டில் யார் சினிமாவுக்குப் போனார்கள்? ஏழைகள் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரியாமல் அரசியல் சாசனத்துக்கு விளக்கம் சொல்வது வெட்கக்கேடு என்று மறுப்புத் தீர்ப்பில் எழுதினார் நீதிபதி தர்குட் மார்ஷல். பன்னிரண்டே நாள் கழித்து, கருக்கலைப்பைப் பெண்ணின் உரிமையாக ஏற்ற 'ரோ எதிர் வேட்' தீர்ப்பை எழுதியவரும் இதே பிளாக்மன்தான். அந்தத் தீர்ப்பு பெண்ணிய வரலாற்று நூல்களில் எல்லாம் இருக்கிறது. கிராஸ் வழக்கு அநேகமாக இருக்காது.

திவால் பெண்களின் பிரச்சினைதான் என்று சட்டப் பேராசிரியர் எலிசபெத் வாரன் 2002இல் ஒரு பெண்கள் சட்ட இதழில் வாதிட வேண்டியிருந்தது. வங்கிகளும் கடன் அட்டை நிறுவனங்களும் முட்டுக்கொடுத்த 2005ஆம் ஆண்டுச் சட்டம் மனுதாரர்களுக்குக் கட்டாயக் கடன் ஆலோசனை வகுப்பையும் புதிய காகிதங்களையும் சுமத்தியது. வழக்கறிஞர் கட்டணமும் கூடவே ஏறியது. ஆனால் கிராஸ் கேட்டதும் அதே சட்டத்தில்தான் கிடைத்தது: வறுமைக்கோட்டு வருமானத்தின் ஒன்றரை மடங்குக்குக் கீழே இருப்பவருக்கு, சொத்தை விற்றுக் கடன் கழிக்கும் ஏழாம் அத்தியாய மனுவில், கட்டணத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம். முப்பத்திரண்டு வருடம் பிடித்தது.

மனுக் கட்டணம் போனாலும் வழக்கறிஞர் கட்டணம் போகவில்லை, அதையும் பெரும்பாலும் முன்பணமாகவே கேட்கிறார்கள். ஆகவே ஒருத்தி தானே எழுதித் தாக்கல் செய்கிறாள். சட்டம் அதை அனுமதிக்கிறது. நீதிமன்ற எழுத்தர் படிவத்தைத் தரலாம், யோசனை சொல்லக்கூடாது. காசு வாங்கிக்கொண்டு படிவம் நிரப்பித் தருபவரும் சொல்லக்கூடாது. கணவன் திவாலாகி அவன் கடன் கழிந்தாலும், கூடக் கையெழுத்துப் போட்ட மனைவியின் கடன் அப்படியே நிற்கும் என்பதை அவளுக்கு யார் சொல்வது? சொத்து, கடன், வருமானம் என்று பட்டியல் பட்டியலாக நிரப்பிக்கொண்டே போனால் 'ஜே' பட்டியல் வரும். அதில் குழந்தைப் பராமரிப்புக்கு மாதம் எவ்வளவு செலவு என்று ஒரு வரி. குழந்தையைத் தானே பார்த்துக்கொள்பவள் அங்கே பூஜ்யம் என்றுதான் எழுத வேண்டும்.