பூமிக்கு என்ன வயசு?

பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஒன்றை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மறுநாள் இயற்பியல். வெப்பம் பற்றிய பாடத்தை ஒரு வழியாக முடித்து, கடத்துத்திறன் கணக்கை இரண்டு தரம் போட்டுப் பார்த்துவிட்டு, ஒரு வாய் காபியுடன் அணுக்கரு இயற்பியலைத் திறக்கிறீர்கள். ஆல்பா, பீட்டா, அரை ஆயுட்காலம். முந்தின பாடத்துக்கும் இதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. வேறு யாரோ வாத்தியார் வேறு ஏதோ ஊரில் உட்கார்ந்து எழுதியது மாதிரி இருக்கும்.

ஆனால், இந்த இரண்டு பாடங்களுக்கும் நடுவே ஒரு காலத்தில் பெரிய தகராறே நடந்திருக்கிறது. வழக்கில் இருந்தது பூமியின் வயது. அடிபட்டவர்களில் டார்வினும் ஒருவர். பாடப் புத்தகத்தில் இதெல்லாம் வராது. மார்க் கிடையாதே!

வெப்பத்தின் கட்சிக்குத் தலைவர், கெல்வின். அது 1892-ல் வந்த பிரபுப் பட்டம். பெற்றோர் வைத்த பெயர் வில்லியம் தாம்சன். நமக்கு எதற்கு இரண்டு பெயர்? கெல்வினே இருக்கட்டும். 1824-ல் பெல்ஃபாஸ்டில் பிறந்தவர். வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று பிரெஞ்சுக்காரர் ஃபூரியே எழுதிய தலையணை சைஸ் கணிதப் புத்தகத்தைப் பல்கலைக்கழக நூலகத்திலிருந்து எடுத்து, இரண்டே வாரத்தில் படித்து முடித்தார். அப்போது வயது பதினைந்து, முடிந்து பதினாறு ஆரம்பிக்கிற சமயம்.

இப்பேர்ப்பட்ட பையன் 1845-ல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம் வாங்கவில்லை. இரண்டாமிடம்தான். இதற்கு ஒரு கதை சொல்வார்கள். வினாத்தாளில் வந்த ஒரு கேள்விக்கான விடை, கெல்வினே முன்பு எழுதிய கட்டுரையில் இருந்ததாம். முதலிடம் வாங்கிய பார்க்கின்சன் அதைப் படித்து மனப்பாடம் செய்து வைத்திருந்தார். கடகடவென்று எழுதிவிட்டார். எழுதியவருக்கோ தன் விடையே மறந்துபோய், முதலிலிருந்து யோசித்து எழுதவேண்டியதாகிவிட்டது. உண்மையோ, கட்டிவிட்டதோ, உலகெங்கும் மனப்பாடக்காரர்களுக்கு இது ஒரு ஆறுதல். அடுத்த வருஷமே, இருபத்திரண்டு வயதில் கிளாஸ்கோவில் பேராசிரியர். ஐம்பத்து மூன்று வருடம் அந்த நாற்காலியை விட்டு அவர் எழுந்திருக்கவில்லை.

1862-ல் அந்த நாற்காலியிலிருந்து ஒரு கணக்குப் போட்டார். நீங்கள் பரீட்சையில் போடுகிற அதே ஜாதிக் கணக்குதான்.

அடுப்பிலிருந்து இறக்கி வைத்த பொங்கல் பானையை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே ஆறி ஏடு கட்டியிருக்கும். உள்ளே விரல் விட்டால் சுடும். மேலிருந்து உள்ளே போகப் போக எவ்வளவு சீக்கிரம் சூடு ஏறுகிறது என்று பார்த்தால், பானையை இறக்கி எத்தனை நேரம் ஆயிற்று என்று சொல்லிவிடலாம். பூமியும் ஒரு காலத்தில் உருகிய பாறைக் குழம்பாக இருந்து ஆறிய பானைதானே?

சுரங்கத்தில் இறங்குகிறவர்களுக்குத் தெரியும், கீழே போகப் போக சூடு. கெல்வின் எடுத்துக்கொண்ட கணக்கு, ஐம்பது அடிக்கு ஒரு டிகிரி ஃபாரன்ஹீட். பாறை உருகும் வெப்பநிலை ஏழாயிரம் டிகிரி ஃபாரன்ஹீட் என்று வைத்துக்கொண்டார். பாறை எவ்வளவு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதற்கு எடின்பரோவில் ஏற்கெனவே அளந்து வைத்திருந்தார்கள். மூன்றையும் ஃபூரியேவின் சமன்பாட்டில் போட்டார். விடை, 9 கோடியே 80 லட்சம் வருடம். அளவுகளில் பிசகு இருக்கலாம் என்பதால் 2 கோடிக்குக் குறையாது, 40 கோடிக்கு மேல் போகாது என்று இரண்டு பக்கமும் வேலி போட்டார்.

இங்கேதான் டார்வினுக்கு இடி விழுந்தது. ஒரு சின்னஞ்சிறு உயிரிலிருந்து மாற்றம் மேல் மாற்றம் வந்து யானையும் மனிதனும் உண்டாகவேண்டுமென்றால் கால அவகாசம் வேண்டும். எக்கச்சக்கமாக. 1859-ல் தன் புத்தகத்தில், தெற்கு இங்கிலாந்தின் ஒரு பள்ளத்தாக்கு அரிக்கப்படவே சுமார் 30 கோடி வருடம் பிடித்திருக்கும் என்று அவரும் ஒரு கணக்குப் போட்டிருந்தார். புவியியல்காரர்கள் அதைக் கிழித்துத் தோரணம் கட்டியதில், 1861-ல் வந்த மூன்றாம் பதிப்பில் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார். அடுத்த வருடமே கெல்வின். பூமிக்கே வயது பத்து கோடிதான் என்றால் பரிணாமம் எங்கே நடந்தது? தன்னை மிகவும் வாட்டுகிற விஷயங்களில் கெல்வினின் கணக்கும் ஒன்று என்று நண்பர் வாலஸுக்குக் கடிதம் எழுதினார். சும்மா ஒரு வாத்தியார் சொன்னால் ஒதுக்கிவிடலாம். சொன்னது கெல்வின். அட்லாண்டிக் கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்ட மேதை. 1882-ல் டார்வின் கண் மூடும்வரை பதில் கிடைக்கவில்லை.

கெல்வின் விடவில்லை. வயது ஏற ஏற இறுக்கிக்கொண்டே போனார். 1897-ல் 2 கோடியிலிருந்து 4 கோடி, அதிலும் 2 கோடிக்குப் பக்கம்தான் என்றார். நடுவில், 1895-ல் ஒருவர் வந்து அவர் கதவைத் தட்டினார். அவரைக் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு நாம் அடுத்த பாடத்துக்குப் போவோம்.

1896-ல் பாரிஸில் பெக்கெரல், யுரேனியத்திலிருந்து ஏதோ ஒரு கதிர் வருவதைப் பார்த்தார். 1903-ல் பியர் க்யூரியும் லபோர்தும் ரேடியத்தை அளந்து பார்த்து மூக்கின்மேல் விரல் வைத்தார்கள். ஒரு துண்டு ரேடியம், தன் எடைக்கு மேலேயே பனிக்கட்டியை ஒரு மணி நேரத்தில் உருக்கும். அடுத்த மணி நேரமும் உருக்கும். நாளைக்கும் உருக்கும். அடுப்பு இல்லை, விறகு இல்லை, சூடு மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. பூமியின் பாறைகளில் இந்த மாதிரிச் சரக்கு தூவிக் கிடக்கிறதென்றால்? பானைக்கு அடியில் யாரோ தணலை விட்டு வைத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்!

1904 மே மாதம், லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷன். பேச வந்தவர் ரதர்ஃபோர்ட். நியூசிலாந்துக்காரர், கனடாவில் மான்ட்ரியலில் பேராசிரியர், வயது 32. அரங்கம் அரையிருட்டு. உள்ளே நுழைந்ததும் கூட்டத்தில் கெல்வின் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டார். எண்பதைத் தொடப்போகிற கிழவர். பேச்சின் கடைசிப் பகுதி பூமியின் வயது. மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தாராம். நல்லவேளை, கிழவர் தூங்கிவிட்டார். ஆனால் முக்கியமான இடம் வந்ததும் சரியாக விழித்து, நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு முறை முறைத்தார். ரதர்ஃபோர்டுக்குப் பளிச்சென்று ஒரு யோசனை. 'புதிதாக வெப்பத்துக்கு வேறு மூலம் எதுவும் கண்டுபிடிக்கப்படாதவரை' என்று லார்டு கெல்வின் அன்றைக்கே ஒரு நிபந்தனை போட்டிருந்தார், அந்தத் தீர்க்கதரிசனம்தான் இதோ ரேடியமாக வந்திருக்கிறது என்று போட்டார் ஒரு போடு. கிழவர் முகம் மலர்ந்தது. இது ரதர்ஃபோர்டே பிற்பாடு சொன்னது. கொஞ்சம் உப்பு, காரம் சேர்த்திருக்கலாம். முகம் மலர்ந்தாரே தவிர, மனுஷன் மனம் மாறிவிடவில்லை. 1906-ல்கூட பத்திரிகையில் ரேடியக்காரர்களோடு மல்லுக்கு நின்றார். 1907-ல் மறைந்தார்.

அதே 1907-ல் அமெரிக்க வேதியியலாளர் போல்ட்வுட், ரதர்ஃபோர்ட் காட்டிய வழியில், யுரேனியம் சிதைந்து ஈயமாவதைக் கடிகாரமாக வைத்துக் கற்களின் வயதைச் சொன்னார். ஆகக் குறைந்தது 41 கோடி. ஆக அதிகம், 220 கோடி. அந்த 220 கோடிக் கல் எங்கிருந்து போனது தெரியுமா? இலங்கையிலிருந்து. தோரியனைட் என்று பெயர், கறுத்துக் கனத்த சதுரப் படிகம். 1904-ல் அதை முதலில் விவரித்தவர், அன்று இலங்கையின் கனிம ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்த இளைஞர் ஒருவர். தெரிந்த இன்னொரு கனிமம் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். புத்தம் புதியது என்று லண்டன் சோதனையில்தான் தெரிந்தது. இளைஞரின் பெயர், ஆனந்த குமாரசாமி. ஆம், அவரேதான். பிற்பாடு நடராஜர் சிலையைப் பற்றி எழுதி உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்த கலை விமர்சகர். கல்லைப் படிப்பதில் தொடங்கியவர்.

போல்ட்வுட்டின் கணக்கிலும் பிற்பாடு திருத்தங்கள் வந்தன. 1956-ல் பேட்டர்சன் விண்கல்லில் இருந்த ஈயத்தை வைத்து 455 கோடி என்றார். இன்றைய கணக்கு 454 கோடி. அணுக்கரு ஜெயித்தது, வெப்பம் தோற்றது, ரேடியத்தைப் பற்றித் தெரியாததால் கெல்வின் ஏமாந்தார். பல புத்தகங்களில் கதை இப்படித்தான் முடிகிறது. பரீட்சையிலும் இப்படி எழுதினால் முழு மார்க்.

ஆனால், அது தப்பு.

திண்ணையில் உட்கார்ந்திருப்பவரைக் கூப்பிடுவோம். ஜான் பெர்ரி. பொறியாளர். கெல்வினிடம் உதவியாளராக இருந்தவர், பிறகு டோக்கியோவில் பாடம் சொல்லிக்கொடுத்தவர். 1894-ல், பிரதமராக இருந்து இறங்கிய சாலிஸ்பரி பிரபு ஒரு பெரிய கூட்டத்தில் கெல்வினின் கணக்கைத் தூக்கி டார்வினை அடித்தபோது, பெர்ரிக்குப் பொறுக்கவில்லை. குருவின் கணக்கை எடுத்துச் சோதித்தார். கூட்டல் கழித்தலில் ஒரு பிசகும் இல்லை. பிசகு, கேள்வித்தாளில் 'கொடுக்கப்பட்டவை' என்று இருக்குமே, அங்கே இருந்தது. பூமி உள்ளே வரைக்கும் கெட்டியான பொங்கல் என்று வைத்துக்கொண்டார் கெல்வின். உள்ளே ரசமாக இருந்தால்? ரசம் புரளும். அடியிலிருக்கும் சூடு மேலே வந்துகொண்டே இருக்கும், மேலேடு சீக்கிரம் ஆறாது. ஆறவில்லையே, இப்போதுதான் இறக்கியிருப்பார்கள் என்று நாம் ஏமாந்துபோவோம். உள்ளே லேசாகப் புரள்வதாக வைத்துக்கொண்டாலே வயது 200, 300 கோடி வருடத்துக்கு ஏறிவிடும் என்று காட்டினார். ரேடியத்தை யாரும் பார்க்காத காலம் அது.

கெல்வினின் கெட்டிப் பொங்கலுக்குள் ரேடியத்தைக் கொட்டினாலும் விடை பெரிதாக மாறாது என்பதுதான் வேடிக்கை. கெட்டிப் பாறையில் வெப்பம் அவ்வளவு மெதுவாக நகரும். பத்து கோடி வருடத்தில் மேலே உள்ள சுமார் நூறு கிலோமீட்டர் ஆழத்துச் சூடுதான் வெளியே வந்திருக்கும். அந்த ஓட்டுக்குள் இருக்கிற சரக்கால் என்ன ஆகிவிடும்? 2007-ல் மூன்று புவி அறிவியலாளர்கள் இதையெல்லாம் விளக்கி, பெர்ரியைத் தூசு தட்டி வெளியே கொண்டுவந்தார்கள். ரேடியம் வந்த ஜோரில் அவரை மறந்தே போயிருந்தார்கள். உள்ளே பாறை, திடமாக இருந்துகொண்டே மிக மெல்லப் புரள்கிறது என்பதைப் பலரும் ஒப்புக்கொள்ள 1960-கள் ஆயிற்று.

பத்திரிகையில் எழுதுவதற்கு முன்னால் பெர்ரி மரியாதையாகக் குருவுக்குத்தான் எழுதினார். கெல்வின் பதில் போட்டார். மேல் எல்லையை இன்னும் நிறைய ஏற்றி வைத்திருக்கவேண்டுமோ என்னவோ, 40 கோடிக்குப் பதில் 400 கோடி என்றுகூட இருக்கலாம் என்று தன் கைப்பட எழுதியிருக்கிறார். 1895 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் அது அச்சாகியும் வந்தது. இன்றைய விடைக்கு எவ்வளவு பக்கம் பாருங்கள்! இரண்டு வருடம் கழித்து, அதை அடித்துவிட்டு மறுபடி 2 கோடி என்று எழுதினார்.