மருத்துவமனையில் இரட்டை ஆட்சி

அரசு மருத்துவமனைகளின் குறைகளைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும், "பணம் போதவில்லை" என்பதே முதற் காரணமாகச் சொல்லப்படுகிறது. அது பல இடங்களில் உண்மையே. ஆனால், பணம் குறைவறச் சேர்ந்திருந்தும், மருந்துக்காகவும் மருத்துவருக்காகவும் நோயாளி காத்துக் கிடந்த வரலாறு ஒன்றும் நம் நாட்டில் உண்டு. அதுதான் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் வரலாறு. 'இ.எஸ்.ஐ.' என்றால் அம்பத்தூரிலும் ஆவடியிலும் அறியாதார் இலர். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைகளில் உழைத்துக் குடும்பம் காத்த நம் இல்லத்தவர் பலருக்கும் அந்த அட்டை பழக்கமானதே. அந்தத் திட்டத்தில் செல்வம் வந்த வழியையும் அது சிந்திய வழியையும் ஆராய்வது பயனுள்ளதாகும்.

முதலில் ஒரு பழைய பாடத்தை நினைவுகூர்வோம். 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னை மாகாணத்தில் இரட்டை ஆட்சி ஏற்பட்டது. பொதுச் சுகாதாரம், மருத்துவம், கல்வி ஆகியவை மக்கள் பிரதிநிதிகளான அமைச்சர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. நிதியோ ஆளுநரின் கையிலேயே ஒதுக்கி வைக்கப்பட்டது. பொறுப்பு ஒருவரிடம், பணப்பை மற்றொருவரிடம்! நீதிக்கட்சி அமைச்சர்கள் எத்தனையோ நல்ல எண்ணங்களோடு பதவியேற்றும், நிதித்துறையின் வாயிலில் காத்து நிற்க வேண்டியவர்களாகவே இருந்தனர். மாகாணங்களில் அந்த முறை 1937இல் ஒழிந்தது. ஒழிந்ததாக எண்ணிய அதே முறை, பதினோர் ஆண்டுகளில் வேறு வேடத்தில் மருத்துவமனைக்குள் நுழைந்தது என்பதே நாம் இங்கே காணப்போகும் செய்தி.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943ஆம் ஆண்டில், தொழிலாளர்க்கு நோய்க்காலக் காப்பீடு வகுத்துத் தருமாறு பேராசிரியர் பி. பி. அதார்க்கரை அரசு பணித்தது. 1944இல் அவர் தம் அறிக்கையை அளித்தார். நெசவு, பொறியியல், கனிமம் மற்றும் உலோகம் ஆகிய தொழில்களில் உழைப்போர்க்குக் கட்டாயக் காப்பீடு வேண்டும் என்பது அவருடைய திட்டம். பின்னர் அதனை ஆராய்ந்த சர்வதேசத் தொழிலாளர் நிறுவனத்தின் வல்லுநர்களான ஸ்டாக், ராவ் ஆகிய இருவரும் சில மாற்றங்களைக் கூறினர். மகப்பேற்று உதவியையும் விபத்து இழப்பீட்டையும் இதனோடு இணைக்க வேண்டும் என்றார்கள். ஆண்டு முழுதும் இயங்கும் எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் இதனை விரிக்க வேண்டும் என்றார்கள். இவை நல்ல யோசனைகள். ஆனால், இன்னொன்றும் சொன்னார்கள்: பண உதவியின் நிர்வாகத்தையும் மருத்துவ உதவியின் நிர்வாகத்தையும் தனித்தனியே பிரித்துவிட வேண்டும் என்பது அது.

அந்தப் பிரிவினையோடுதான் 1948 ஏப்ரலில் சட்டம் பிறந்தது. சந்தாவை வசூலிப்பதும், நோயுற்ற நாட்களுக்கு ஊதிய ஈடு தருவதும் மத்தியில் அமைந்த காப்பீட்டுக் கழகத்தின் வேலை. மருந்தகமும் மருத்துவமனையும் நடத்துவது மாநில அரசின் வேலை. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் பிரதமர் நேரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். கான்பூரிலும் தில்லியிலுமாகச் சுமார் 1,20,000 தொழிலாளர் அதில் சேர்ந்தனர். 1955இல் திட்டம் கோவைக்கு வந்து, தமிழகத்தில் கால் ஊன்றியது. தொடக்கத்தில் தொழிலாளிக்கு மட்டுமே கிடைத்த மருத்துவ உதவி, 1958 முதல் அவன் குடும்பத்தாருக்கும் நீட்டிக்கப்படலாயிற்று.

இதே காலத்தில்தான் சென்னையின் மேற்குப் புறம் வயலும் ஏரியுமாக இருந்த கோலத்தை மாற்றிக்கொண்டு வந்தது. 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் நிறுவனம் தோன்றிற்று. அதன்பின் டன்லப் டயர் தொழிற்சாலை எழுந்தது. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவாயிற்று. லேத்துப் பட்டறைகளும் வார்ப்பகங்களும் உதிரிப்பாகக் கூடங்களும் நூற்றுக்கணக்கில் பெருகின. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது; அது பாதுகாப்புத் துறையினுடையதாதலால், அதன் பணியாளர்க்கு மருத்துவமனையும் தனியே அமைந்தது. பேட்டையின் தொழிலாளிக்கோ இ.எஸ்.ஐ. மருந்தகமே முதல் வாயில். பெரிய நோய் என்றால் அயனாவரம் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அந்தத் தொழிலாளி இரவலனல்லன் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. மாதந்தோறும் அவன் ஊதியத்தில் பிடித்தம் செய்த பணம் அது. 1997 முதல் தொழிலாளி நூற்றுக்கு 1.75, முதலாளி நூற்றுக்கு 4.75 என்ற வீதத்தில் சந்தா செலுத்தப்பட்டு வந்தது. பணம் கொடுத்தே மருந்து கேட்கிறான். அவ்வாறிருக்க, "மருந்து இருப்பு இல்லை, வெளியே வாங்கிக்கொள்" என்ற சொல்லை அவன் ஏன் கேட்க நேர்ந்தது?

காரணம் அந்த இரட்டை ஆட்சியே. மருத்துவச் செலவில் எட்டில் ஏழு பங்கு கழகத்தினுடையது. எட்டில் ஒரு பங்கு மாநிலத்தினுடையது. ஆனால், மருத்துவரை நியமிப்பதும், மருந்து வாங்க ஒப்புதல் தருவதும், ஊழியர் இடங்களை உருவாக்குவதும் மாநிலத்தின் கையில். முதலில் மாநிலம் தன் கருவூலத்திலிருந்து செலவழிக்க வேண்டும். பிறகு கழகத்திடம் கணக்குக் காட்டித் தொகையைத் திரும்பப் பெற வேண்டும். எனவே மாநில நிதித்துறையின் கண்ணுக்கு அது மற்றொரு செலவினமாகவே தோன்றும். சிக்கனம் என்ற பெயரால் கோப்பு தாமதப்படும். கழகத்தின் பக்கமோ, தொழிலாளி ஒருவருக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று ஓர் உச்சவரம்பு உண்டு. செலவழியாத தொகை தொழிலாளிக்குப் பயன்படாமல் நிற்கும். மருந்தில்லை என்று முறையிட்டால் மாநிலத்தைக் கழகம் காட்டும். கழகத்தை மாநிலம் காட்டும். இரண்டு சாவிகள் உள்ள பெட்டியில், சாவிக்காரர் இருவரும் ஒரே நேரத்தில் வாராவிட்டால் பெட்டி திறவாது.

இவ்வாறு திறவாத பெட்டியில் பணம் சேர்ந்தது. ஆண்டுதோறும் வரவு செலவை விஞ்சி, மிகுதி முதலீடாகக் குவிந்தது. சேர்ந்த பணம் தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும் என்பது உலக வழக்கு. 2010இல் சட்டத்தைத் திருத்தி, கழகம் மருத்துவக் கல்லூரிகள் நிறுவ வழி செய்யப்பட்டது. மருத்துவர் பற்றாக்குறை தீரும் என்பது சொல்லப்பட்ட நோக்கம். சென்னை கே.கே. நகரில் 2013இல் கல்லூரி தொடங்கிற்று. கோவையிலும் பெருங்கட்டடம் எழுந்தது. ஆனால் 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மருத்துவக் கல்வி தன் அடிப்படைப் பணியன்று என்று கூறிக் கழகம் பின்வாங்க முடிவு செய்தது. மாணவரும் பெற்றோரும் கலங்கி வீதிக்கு வந்தனர். இறுதியில் கோவைக் கல்லூரியைத் தமிழக அரசு ஏற்று, 2016 முதல் நடத்தி வருகிறது. கட்டிய கட்டடம் வீணாகவில்லை என்பது ஆறுதலே. எனினும், மருந்தகத்தில் மருத்துவர் இடம் காலியாக இருக்க, கல்லூரிக்குத் தூண் எழுப்பி, பின்பு அதனையும் கைவிட நினைத்த நிர்வாகத்தை என்னென்பது?

2019 ஜூலையில் சந்தா வீதம் குறைக்கப்பட்டது. தொழிலாளிக்கு நூற்றுக்கு 0.75, முதலாளிக்கு 3.25 என்றாயிற்று. வரவு மிகுந்திருந்ததனால் குறைத்தார்கள். மருந்தகங்களின் குறைகள் தீர்ந்துவிட்டதனால் அன்று. பசித்தவன் முன்னே பானையில் சோறு மிஞ்சினால் பரிமாறுவது முறையா, உலையில் அரிசியைக் குறைப்பது முறையா?

இந்த இடத்தில், அதே அம்பத்தூரில் வாழும் வேறொரு தொழிலாளியையும் பார்க்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவானவர் வேலை செய்யும் சிறு பட்டறைக்கு இ.எஸ்.ஐ. சட்டம் கட்டாயமில்லை. அங்கே உழைப்பவன் நோயுற்றால், ஆவடியிலோ பூந்தமல்லியிலோ உள்ள அரசு மருத்துவமனைக்குத்தான் போகிறான். அவன் சந்தா செலுத்தியவனல்லன். ஆனால், அவன் கைக்கு வரும் மாத்திரையின் பின்னே இருக்கும் ஏற்பாடு ஆராயத்தக்கது.

1990களின் தொடக்கம் வரை தமிழக அரசு மருத்துவமனைகளிலும் மருந்து கொள்முதல் குழப்பமாகவே இருந்தது. ஓரிடத்தில் தட்டுப்பாடு, வேறோரிடத்தில் கெடுநாள் கடந்து குப்பைக்குப் போகும் குவியல். 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பட்டது. அது செய்தவை மந்திரமல்ல, எளிய கணக்குகளே. உலக சுகாதார நிறுவனம் 1977இலேயே காட்டிய வழியில், இன்றியமையா மருந்துகளின் பட்டியலொன்றை வகுத்தது. வணிகப் பெயரை நீக்கி, மருந்தின் பொதுப் பெயரால் ஒப்பந்தம் கோரியது. ஒப்பந்தக்காரரின் தகுதியை ஓர் உறையிலும் விலையை மற்றோர் உறையிலும் பெற்று, தகுதி தேறியவரின் விலையுறையை மட்டுமே பிரித்தது. வந்த மருந்தின் மாதிரியைத் தயாரிப்பாளர் பெயர் மறைத்து ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பியது. மாவட்டந்தோறும் கிடங்கு அமைத்து, இருப்பைக் கணினியில் ஏற்றியது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்குப் போன்ற ஒரு பாஸ்புத்தகம் கொடுத்தது. தன் ஒதுக்கீட்டுக்குள் தனக்குத் தேவையான மருந்தை மருத்துவமனையே கேட்டுப் பெறலாம். ஓரிடத்தில் தேங்குவதைத் தேவைப்படும் இடத்திற்கு மாற்றவும் இதனால் இயன்றது. கேரளமும் இராஜஸ்தானமும் பின்னாளில் இந்த முறையைப் பின்பற்றித் தங்களுக்கும் கழகங்கள் அமைத்துக்கொண்டன.

இந்தக் கழகத்தில் குறையே இல்லை என்று நாம் வாதிட வரவில்லை. வாங்குவதும், சோதிப்பதும், காப்பதும், அனுப்புவதும் ஒரே பொறுப்பின்கீழ் வந்தபோது, தவறு நேர்ந்தால் யாரைக் கேட்பது என்பது தெளிவாயிற்று. சிக்கனத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. பணம் குறைந்த ஏற்பாடு ஒன்று ஒழுங்கான கணக்கினால் நிமிர்ந்தது; பணம் நிறைந்த ஏற்பாடு ஒன்று பிளவுபட்ட பொறுப்பினால் தள்ளாடிற்று. ஒரே தெருவில் வாழும் இரு தொழிலாளர் இந்த இரண்டு வரலாறுகளுக்கும் சாட்சிகளாக இருக்கின்றனர்.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தை, 2020இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு தன்னுள் அடக்கிக்கொண்டுள்ளது. பெயர் மாறுவது பெரிதன்று. மருத்துவமனைக்குப் பொறுப்பானவர் கையில் பணமும், பணத்துக்குப் பொறுப்பானவர் மீது மருத்துவமனையின் பழியும் வந்து சேர்ந்தாலன்றி, ஸ்டாக்கும் ராவும் வகுத்த பிளவு மூடாது.

நாம் செய்யக் கூடியதும் உண்டு. வட்டாரக் குழுக்களிலும் உள்ளூர்க் குழுக்களிலும் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு இடம் தந்தே இத்திட்டம் வகுக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மருந்து இருப்பையும் கெடுநாள் கடந்த மருந்தின் கணக்கையும் கேட்டுப் பெறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் அளித்திருக்கிறது. மருந்தக வரிசையில் நின்று அலுத்துக்கொள்வதோடு நின்றுவிடாமல், இந்த உரிமைகளை நம் குடும்பத்து இளைஞர் கற்றுக் கையாள வேண்டும். உழைத்துச் சம்பாதித்த ஊதியத்தின் ஒரு பகுதி எங்கே போயிற்று என்று கேட்பது இரத்தலாகாது. அது கணக்குக் கேட்டல். கேட்கப்படாத கணக்கு என்றும் நேராவதில்லை.