முத்துமீனாட்சி

அ. மாதவையா (1872–1925) எழுதிய குறுநாவல். 1892இல் 'விவேக சிந்தாமணி' இதழில் 'சாவித்திரி சரித்திரம்' என்ற பெயரில் தொடங்கிப் பாதியில் நின்றது, 1903இல் நூலானது. குழந்தை மணம், மாமியார் கொடுமை, இளவயதுக் கைம்மை, மறுமணம் எல்லாவற்றையும் முத்துமீனாட்சியே தன் வாயால் சொல்கிறாள். கைம்பெண் மறுமணத்தை 1856ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்திருந்தது. ஆனாலும் தலையை மழித்து, வெள்ளைப் புடைவை உடுத்தி அவளை மூலையில் இருத்திய பிராமண வீடுகளில் ஊர்வாய்தான் சட்டம். ஹென்றி ஜேம்ஸின் 'டெய்சி மில்லர்' (1878) குறுநாவலிலும் ஊர்ப்பேச்சு ஓர் இளம்பெண்ணை ஒதுக்கிவைக்கிறது. அவளை நாம் பார்ப்பதோ ஓர் ஆணின் கண்வழியாக. இங்கே பழி சுமந்தவளே பேசுகிறாள். தமிழ்ப் புனைகதையின் தொடக்க காலத்தில் இது பெருந்துணிச்சல்.