பஞ்ச நிவாரணமும் நிலமற்றோரும்

பினாங்குத் தமிழர் வரலாற்றை எழுதுவோர், 1876-78 ஆம் ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சத்தைக் குடிபெயர்வுக்குக் காரணமாகச் சுட்டுவதோடு அமைகின்றனர். அப்போது அரசு அளித்த நிவாரணம் யாரைச் சென்றடைந்தது என்பதையும் நாம் ஆராய்தல் வேண்டும்.

சென்னை மாகாணத்து இரயத்துவாரி முறையில், விளைச்சல் பொய்த்தால் நிலவரியைத் தள்ளுபடி செய்வதுண்டு; ஜமாபந்தி வழக்கில் இது ‘வஜா’ எனப்பட்டது. பட்டாதாரருக்கு அது உதவியது. வரியே செலுத்தாத படியாளுக்கு எதனைத் தள்ளுபடி செய்வது? அவருக்கு எஞ்சியவை நிவாரணப் பணிக்கூலியும் கஞ்சித்தொட்டியுமே. அக்கூலியையும் 1877 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள், ஆடவர்க்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் சிறிது காசுமாகக் குறைத்தார். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், உழைக்கும் உடலுக்கு அது போதாது என வாதிட்டார். அவர் பக்கமே நியாயம் இருந்தது என்போம்.

பஞ்ச ஆணையத்தின் 1880 ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பின், 1884 இல் உழவர் கடன் சட்டம் வந்தது. விதைக்கும் மாட்டுக்கும் கிடைத்த அந்தத் தக்காவிக் கடனும் விளைநிலத்தை உடைமையாகவோ அனுபவத்திலோ கொண்டோர்க்கே உரியதாயிற்று.

நிலத்தைப் பிணையாகக் கேளாத முன்பணம் ஒன்றும் இருந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேற்றிய முகவர்கள் அளித்த வழிச்செலவு அது. நம் தீவுக்கு எதிரே, செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களில், அதனைக் கூலியிலிருந்து பிடித்துக்கொண்டனர்.