மேரிபரோ: ஆற்றுத் துறையும் ஆட்பெயரும்

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், பட்ஜலா மக்களின் தொன்னிலத்தினூடே ஓர் ஆறு ஓடுகிறது. 1847-இல் ஆளுநர் பிட்ஸ்ராய் தம் மனைவி மேரியின் பெயரை அதற்கு இட்டார். அவ்வாண்டு டிசம்பரிலேயே அவ்வம்மையார் வண்டி விபத்தில் மாண்டார். பெயர் மட்டும் ஆற்றோடு நிலைத்தது. அவ்வாற்றங்கரையில் எழுந்த துறைமுக நகரமே மேரிபரோ.

முதலில் ஆட்டு ரோமமும், பின்னர் மரமும் சர்க்கரையும் இந்நகரை வளர்த்தன. 1867-இல் அண்மையிலுள்ள ஜிம்பியில் பொன் கண்டெடுக்கப்பட்டதும் துறையில் கூட்டம் பெருகிற்று. அந்நூற்றாண்டின் பிற்பாதியில் 22,000-க்கும் மேற்பட்ட குடியேறிகள் இங்கே கரையிறங்கினர். வரி செலுத்தும்வரை மதுவும் புகையிலையும் பூட்டி வைக்கப்பட்ட பண்டகசாலையும், 1899-இல் கட்டிய சுங்க மாளிகையும் துறைமுகத் தெருவில் இன்றும் நிற்கின்றன.

எனினும், நேயர்களே, அத்துறையில் இறங்கியோர் அனைவரும் தாமே விரும்பி வந்தவரல்லர். 1863 முதல் 1904 வரை பசிபிக் தீவுகளிலிருந்து ஏறத்தாழ 62,000 தொழிலாளர் ஒப்பந்தங்கள் குவீன்ஸ்லாந்துக்காகச் செய்யப்பட்டன. அவ்வாறு வந்தோருள் பலர் மேரிபரோவில் இறங்கினர். சிலர் இசைந்து வந்தனர். சிலர் ஏமாற்றப்பட்டும் கடத்தப்பட்டும் வந்தனர். கரும்புத் தோட்டங்கள் அவர்கள் உழைப்பால் செழித்தன. 1901-இல் இயற்றிய சட்டத்தின்படி, 1908-க்குள் அவர்களில் பெரும்பாலோர் திருப்பி அனுப்பப்பட்டனர்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, அக்காலப் பதிவேடுகளில் ஒரு செய்தி உறுத்துகிறது. தீவினர் பலருக்கு அவர்தம் இயற்பெயர் எழுதப்படவில்லை. டாம், ஜாக் என ஏதேனும் ஓர் ஆங்கிலப் பெயரும், அதன்பின் பிறந்த தீவின் பெயருமே எழுதப்பட்டன. எழுத்தர் நாவுக்கு வாராத பெயர் ஏட்டிலும் ஏறவில்லை. அதே காலத்தில் பீஜிக்கும் மொரீஷியஸுக்கும் கரும்பு வெட்டச் சென்ற நம்மவரின் பெயர்களும் அயலார் ஏடுகளில் உருத்திரிந்தே கிடக்கின்றன.

குவீன்ஸ்லாந்திலேயே தங்கிவிட்ட தீவினரின் வழித்தோன்றல்களை, தனிப் பண்பாடு உடைய இனத்தவராக ஆஸ்திரேலிய அரசு 1994-இல்தான் ஏற்றுக்கொண்டது. ஆளுநர் மனைவியின் பெயர் ஆற்றுக்கு ஒரே ஆண்டில் கிட்டிற்று. உழைத்தவரின் மரபினர்க்கு அங்கீகாரம் கிட்ட நூறாண்டுக்கு மேலாயிற்று.

பிற மாநிலங்களில் வாழும் நாமும், பள்ளியிலும் பங்கீட்டு அட்டையிலும் நம் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லித் திருத்தி வருகிறோம். அதை வீண் வேலையென எண்ணற்க. பழைய துறைமுகத்தின் மரபுச் செல்வம் அதன் மாளிகைகளில் மட்டும் இல்லை. அங்கே இறங்கியவர் யாரென்று பெயர் சொல்ல இயல்வதிலும் இருக்கிறது.