கடலை அளந்த கதை



பினாங்குத் தீவின் மேற்குப் பக்கத்தில் இருக்கிறது பாலிக் புலாவ். மேட்டில் டுரியானும் சாதிக்காயும் கிராம்பும் விளைகின்றன. தாழ்வில் நெல் வயல். அதற்கப்பால் கண்டல் காடும் கடலும். இந்தக் கடல் பெருநீர்க் காலத்தில் ஒரே நாளில் இரண்டு மீட்டர் அளவுக்கு ஏறி வற்றுகிறது. அப்படியிருக்க, உலகக் கடல் மட்டம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்கிறது என்கிறார்களே, அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

விடை நமது பால் நிறுவையிலேயே இருக்கிறது. ஒரு நாள் பாலை நிறுத்து ஒரு மரத்தின் விளைச்சலைச் சொல்லிவிட முடியுமா? மழை நாள் உண்டு; இலையுதிர் காலம் உண்டு. ஆண்டுக் கணக்கைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். கடலுக்கும் அதே விதிதான். நிலவின் போக்கு ஒரு சுற்று முடிய 18.6 ஆண்டுகள் ஆவதால், பல்லாண்டுக் கணக்கு வேண்டும்.

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் 1700ஆம் ஆண்டிலேயே நீர்மட்டத்தைக் குறித்து வைத்தார்கள். 1830களில் இங்கிலாந்தில் தானே எழுதும் கருவி வந்தது. அடியில் சிறு துளையுள்ள குழாயைக் கடலில் நிறுத்துவார்கள். அலையின் ஆட்டம் உள்ளே வராது. மட்டம் மட்டும் ஏறி இறங்கும். உள்ளே மிதக்கும் மிதவை பென்சிலை அசைக்க, சுழலும் தாளில் கோடு விழும். பம்பாயின் கணக்கு 1878இல் தொடங்கியது. உலகத்துக் கணக்குகளையெல்லாம் ஓரிடத்தில் சேர்க்கும் பணி 1933இல் இங்கிலாந்தில் தொடங்கியது.

மலேசியாவில் நில அளவைத் துறை, ஜப்பானின் உதவியோடு 1980களில் இருந்து இத்தகைய நிலையங்களை அமைத்தது. அவற்றுள் ஒன்று பினாங்கில் உள்ளது. கிள்ளான் துறைமுகத்தில் 1984 முதல் 1993 வரை எடுத்த சராசரியே, தீபகற்ப மலேசியாவின் நில உயரங்களுக்குத் தொடக்கப் புள்ளியாயிற்று.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. கருவி நிற்கும் தரை தாழ்ந்தாலும், கடல் உயர்ந்தது போலவே தாள் காட்டும். 26.12.2004 அன்று ஆழிப்பேரலை பாலிக் புலாவ் பகுதிக் கடற்கரைக் கிராமங்களைத் தாக்கி உயிர்களைப் பறித்தது. அது கடல் மட்ட உயர்வு அன்று; நிலநடுக்கத்தின் விளைவு. ஆனால் அந்த நடுக்கம் நம் தீபகற்பத்தையே சில சென்டிமீட்டர் நகர்த்தியது. ஆகவே கடலோடு தரையையும் அளக்க வேண்டும்.

1992இல் டோபெக்ஸ் போசைடன் என்னும் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. 1,336 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ரேடார் அலையை அனுப்பி, அது திரும்பும் நேரத்தைக் கொண்டு கடலின் உயரத்தைக் கணித்தது. அதன் பின்வந்த கோள்கள் இன்றும் அப்பணியைச் செய்கின்றன.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் உயர்ந்தது தெரியவந்தது. 1971 வரை ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டராக இருந்த வேகம், 2006க்குப் பின் 3.7 ஆயிற்று. காரணம் இரண்டு. சூடேறிய நீர் விரிகிறது. நிலத்தின் மேலுள்ள பனி உருகிக் கடலில் சேர்கிறது.

20 சென்டிமீட்டர் என்பது ஒரு சாண் அளவுதானே என்று எண்ணலாம். ஆனால் பெருநீர் நாளில் வரப்பின் விளிம்புவரை வந்து நிற்கும் கடலுக்கு அந்த ஒரு சாண் போதும். உப்பு நீர் வயலில் இறங்கிவிட்டால் நெற்பயிர் தாங்காது. ஆகவே வரப்பின் உயரத்தையும் மதகின் அளவையும் பாட்டன் காலத்துக் கடலை நினைத்து முடிவு செய்யலாகாது. இன்றைய கணக்கைப் பார்த்தே செய்ய வேண்டும். சேற்றைப் பிடித்து அலையைத் தடுக்கும் கண்டல் மரங்களையும் நாம் விட்டு வைக்க வேண்டும்.