கோடு இல்லாத இடம்

பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் எங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு மார்க் வாங்கித் தந்த ஒரே கேள்வி, வாக்கிய அமைப்பைக் கண்டுபிடிப்பது. எஸ், வி, ஓ, சி, ஏ. தமிழ் மீடியம் பசங்களுக்கு வாக்கியத்தின் அர்த்தம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. முதலில் வினையைப் பிடி. அதைப் பார்த்து 'யார்?' என்று கேட்டால் எஸ். 'எதை?' என்று கேட்டால் ஓ. எதிலும் சேராமல் எப்போது, எங்கே, ஏன் என்று தொங்குவதையெல்லாம் ஏ-வில் போடு. "ஏ-வைத் தூக்கிட்டாலும் வாக்கியம் நிக்கும்டா" என்பார் சார்.

அந்த ஏ-வுக்காகப் பின்னாளில் ஐம்பதாயிரம் ரூபாய் கட்டினேன். அதற்கு முன்னால் கொஞ்சம் வரலாறு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில இலக்கண வகுப்பு என்றால் ஒப்பித்தல்தான். லிண்ட்லி மர்ரே 1795-இல் எழுதிய இலக்கணம் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் பாடநூலாக இருந்தது. மாணவன் எழுந்து நின்று, ஒவ்வொரு சொல்லாக அது என்ன வகை, என்ன எண், என்ன வேற்றுமை என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். லத்தீனுக்குத் தைத்த சட்டையை ஆங்கிலத்துக்கு மாட்டிவிட்ட கதை. சொல்லுக்கு ஜாதகம் கிடைக்கும், வாக்கியம் கிடைக்காது.

1847-இல் நியூயார்க் மாநிலத்தில் பள்ளித் தலைவராக இருந்த ஸ்டீபன் வாட்கின்ஸ் கிளார்க், தன் இலக்கண நூலில் இதைத் திருப்பிப் போட்டார். சொல் என்ன வகை என்று கேட்காதே, இந்த வாக்கியத்தில் அதற்கு என்ன வேலை என்று கேள். ஒவ்வொரு சொல்லையும் ஒரு குமிழிக்குள் எழுதி, குமிழிகளை ஒட்டவைத்தார். எழுவாய், வினை, செயப்படுபொருள் ஒரே வரிசையில். அடைமொழிகள் கீழே தொங்கும். நீளமான வாக்கியம் என்றால் பக்கம் முழுக்கத் திராட்சைக் கொத்துதான்.

முப்பது வருடம் கழித்து, 1877-இல், புரூக்ளின் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திய அலோன்சோ ரீட், பிரெய்னர்ட் கெல்லாக் இருவரும் குமிழிகளை உடைத்துக் கோடுகளாக்கினார்கள். ஒரு படுக்கைக் கோடு. அதைக் குறுக்கே வெட்டும் செங்குத்துக் கோட்டுக்கு இடப்பக்கம் எழுவாய், வலப்பக்கம் பயனிலை. வெட்டாமல் மேலே மட்டும் நிற்கும் குட்டிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் செயப்படுபொருள். அடைகளுக்குக் கீழே சாய்வுக் கோடு. துணைவாக்கியம் வந்தால் தனியாகக் கீழே வரைந்து, புள்ளிக்கோட்டால் இணை. ஒரு பொறியாளனாக, இந்த வரைபடத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. அவ்வளவு சிக்கனம்.

அமெரிக்கப் பள்ளிகளில் பல பத்தாண்டுகள் இது கோலோச்சியது. பிறகு 1963-இல் பிராடாக், லாயிட்-ஜோன்ஸ், ஷோயர் மூவரும், அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். முறையான இலக்கணப் பாடத்தால் மாணவர்களின் எழுத்து மேம்படுவதில்லை, எழுதிப் பழகும் நேரத்தைத் தின்பதால் கெடுதல்கூட உண்டு என்பது அதன் சாரம். கோடுகள் மெல்ல மெல்லக் கரும்பலகையை விட்டு இறங்கின. எனக்கு இதில் மறுப்பில்லை. எஸ் வி ஓ-வில் முழு மார்க் வாங்கிய நான், கேம்பஸ் இன்டர்வியூவில் என்னைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்ல முடியாமல் வியர்த்தவன்.

ஆனால் எழுதுவது வேறு, வாசிப்பது வேறு.

தமிழில் 'செய' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் இருக்கிறதே, 'மழை பெய்ய நெல் விளைந்தது', 'ஞாயிறு பட வந்தான்'. முதலாவதில் காரணம், இரண்டாவதில் நேரம். வடிவம் ஒன்றுதான். எந்த உறவு என்பதை வாசிப்பவர்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்திலும் இதற்கு நெருக்கமான ஓர் அமைப்பு உண்டு: தனக்கென்று ஓர் எழுவாய், கூடவே ஓர் எச்சவினை, முதன்மை வாக்கியத்தோடு இணைக்க எந்தச் சொல்லும் கிடையாது. ரீட்-கெல்லாக் இதை எப்படி வரைகிறார்கள் தெரியுமா? தனியாக. முதன்மை வாக்கியத்துக்கும் அதற்கும் இடையில் ஒரு கோடுகூட இல்லை.

அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாம் திருத்தம் இப்படிப்பட்ட வாக்கியம். 1791-இல் ஏற்கப்பட்டது, மொத்தம் 27 சொற்கள். தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்: ஒழுங்கமைந்த மக்கள்படை ஒரு சுதந்திர அரசின் பாதுகாப்புக்கு அவசியமாக இருக்க, ஆயுதம் வைத்துக்கொள்ளவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படலாகாது. அந்த 'இருக்க' என்ன செய்கிறது?

வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பதை ஏறக்குறைய தடைசெய்த வாஷிங்டன் நகரச் சட்டத்தை எதிர்த்து ஹெல்லர் என்ற காவலாளி தொடுத்த வழக்கில், இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. டென்னிஸ் பாரன் உட்பட மூன்று மொழிப் பேராசிரியர்கள் மனு கொடுத்தார்கள்: முன்பகுதி வெறும் அலங்காரமில்லை, பின்பகுதிக்கு அதுதான் காரணம், சேர்த்துத்தான் படிக்க வேண்டும். 2008 ஜூன் 26 அன்று ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்பு. நீதிபதி ஸ்காலியா பெரும்பான்மைக்காக எழுதினார்: முன்பகுதி நோக்கத்தை அறிவிக்கிறது, உரிமையைச் சுருக்கவில்லை. மறுத்து எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸுக்கோ முன்பகுதிதான் மொத்தத்துக்கும் திறவுகோல். தீர்ப்பு இலக்கணத்தால் மட்டும் வந்ததல்ல, இரு தரப்பும் பழைய ஆவணங்களை அடுக்கின. ஆனாலும் சண்டை நடந்தது ரீட்-கெல்லாக் கோடு போடாமல் விட்ட அதே இடத்தில்.

இப்போது என் ஐம்பதாயிரம். முதல் வேலையில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் ஒரு வாக்கியம்: நிறுவனம் தன் செலவில் பயிற்சி அளிக்க, ஊழியர் இரண்டு வருடம் பணியாற்ற வேண்டும். ஆங்கிலத்தில் அதே அமைப்பு. கிடைத்த பயிற்சி மூன்று நாள் ஸ்லைடு. ஒன்பதாவது மாதம் கிளம்பினேன். "பயிற்சியே தரலையே மேடம்" என்றேன். "அது சும்மா இன்ட்ரோ, தம்பி. கமாவுக்கு அப்புறம் இருக்கறதுதான் கண்டிஷன்" என்றார் ஹெச்ஆர். ஏ-வைத் தூக்கிட்டாலும் வாக்கியம் நின்றது. பணத்தைக் கட்டினேன்.

வரைபடம் அர்த்தத்தைத் தீர்மானிக்காது. எதை எதோடு சேர்த்துப் படிக்கிறாய் என்று உன்னை ஒப்புக்கொள்ள வைக்கும், அவ்வளவுதான். இப்போதும் ஒப்பந்தம் எது வந்தாலும் பென்சிலால் கோடு போட்டுப் பார்க்கிறேன். கோடு வராத இடத்தில் வட்டம் போட்டு, "இது காரணமா, நிபந்தனையா?" என்று மெயில் அனுப்பிக் கேட்கிறேன். பதில் எழுத்தில் வந்த பிறகுதான் கையெழுத்து.